செத்தல் மிளகாய்ப் புகையும் ராத்தாவின் கண்களும்

என் அக்கா, ராத்தாவின் கண்கள் பிதுங்கத் தொடங்கியபோது முதலில் லாபமடைந்தது அவள் ஓதிக்கொடுக்கும் குர்ஆன் மதரஸாதான். சும்மா பார்த்தாலே முறைப்பதாக நினைத்துப் பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டு இருந்தார்கள். அவளும் சிரித்தாள், நானும் சிரித்தேன். பிறகு கழுத்திலும் வீக்கம் தெரிந்தது. தைரொயிட் என்று சொல்லி டொக்டர் குளிசை கொடுத்தார்.

எங்கள் வீட்டில் காரணத்துக்குப் பஞ்சமில்லை. மாமி மரவள்ளிக்கிழங்கின் மேல் பழி போட்டார். சவளக்கடை என்ற ஊரில் வேளாண்மை செய்யும் மச்சான் வயலுக்கு அடிக்கும் மருந்தைச் சொன்னார். உம்மாவுக்குச் சந்தேகமே இல்லை, கண்ணூறு. அந்தி மஃரிப் தொழுகைக்குப் பிறகு சிரட்டைத் தணலில் உப்பும் செத்தல் மிளகாயும் போட்டு, ராத்தாவின் முகத்தைச் சுற்றிப் புகை காட்டுவார்.

நான் அப்போது கொழும்பில் ஓர் ஆய்வுகூடத்தில் இந்த நோயைத்தான் ஆராய்ந்துகொண்டிருந்தேன். எலிகளுக்கு ஊசி போட்டு, உடம்பின் காவலே தைரொயிட்டைத் தாக்கும்படி செய்வோம். காவற்காரன் வீட்டுக்காரனையே கள்ளன் என்று பிடித்து அடிப்பது மாதிரி. சில எலிகளுக்குக் கழுத்துச் சுரப்பி மட்டும் பெருக்கும், சிலவற்றுக்குக் கண்ணும் பிதுங்கும், சிலவற்றுக்கு ஒன்றுமே ஆகாது. ஒரே ஊசி, ஒரே தீனி. ஏன் இப்படி என்று யோசித்தே எனக்கு மண்டை காய்ந்தது.

லீவில் வந்தபோது ராத்தாவின் வலது கண் செக்கச்செவேலென்று இருந்தது. தூங்கும்போதும் இமை முழுதாக மூடவில்லை. கருவிழியில் புண், கவனிக்காவிட்டால் பார்வை போய்விடும் என்று கண் டொக்டர் சொல்லியிருந்தார். அன்றும் மஃரிபுக்குப் பிறகு தணல் வந்தது.

"உம்மா, வேணாம். மூடாத கண்ணுக்கு மிளகாய்ப் புகையா?"

"கண்ணூறு எரியக்குள்ள கண்ணு செவக்கும்தான் மகள்."

"அப்ப பாப்பமே. கொஞ்ச நாளைக்குப் புகைய நிப்பாட்டுங்க, துஆ மட்டும் ஓதுங்க. செவப்பு நிக்கிதா போகுதா எண்டு நீங்களே பாருங்க."

உம்மாவுக்குக் கோபம். ஆனால் சவால் என்றால் விடமாட்டார். ராத்தா, கண் டொக்டர் தந்த களிம்பைப் போட்டு, படுக்கும்போது இமையை டேப்பால் ஒட்டிக்கொண்டாள். களிம்பும் சேர்ந்ததால் இது ஒழுங்கான பரிசோதனை இல்லை என்று எனக்குத் தெரியும். ராத்தாவின் கண்ணை வைத்து ஒழுங்கான பரிசோதனை செய்ய எனக்கு மனம் வரவில்லை. விடியலில் சுபஹு தொழுதுவிட்டு உம்மா தினமும் அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

சிவப்பு வடிந்தது. புண் ஆறிவிட்டது என்று கண் டொக்டரும் சொன்னார். பிதுக்கம் மட்டும் அப்படியே இருந்தது.

நான் வென்ற முகத்தோடு நின்றேன். உம்மா என்னைக் கவனிக்கவே இல்லை. ராத்தாவின் இமையை விரலால் மெல்லத் தொட்டபடி கேட்டார்.

"செரி, செவப்பு என்னால. அது போயிட்டு. அப்ப இந்தப் பிதுக்கம் ஆரால?"

"தெரியா உம்மா. அதத்தான் நாங்களும் தேடுறம்."

"இன்னம் கண்டுபுடிக்கலியா?"

"இல்ல."

உம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அப்ப ஏன் மகள் இஞ்ச இரிக்காய்? போய்த் தேடு."