அக்காவுக்குக் கேட்கிற குரல்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவருக்கு ஊமையர் என்று பெயர். பிழைக்க வந்து வருடங்கள் ஓடியும் அந்த ஊர்ப் பேச்சு அவர் நாக்கில் ஒட்டவில்லை. கேட்டால் புரியும், வாயைத் திறந்தால் தடுக்கும். மற்றவர்கள் சிரித்ததால் தலையாட்டலோடு நிறுத்திக்கொண்டார்.

குடியிருந்த கட்டடத்திலோ அதே மனிதருக்குத் தொண்டைக்காரர் என்று பெயர். சொந்த ஊரில் அவருக்கென்று இருந்தது அக்கா ஒருத்திதான். அவளுக்குக் காது மந்தம். போனில் அடிவயிற்றிலிருந்து கத்தினால்தான் "ஆங், சொல்லுடா" என்பாள். பக்கத்து வீட்டுக்காரர் முதலில் சுவரைத் தட்டினார். பிறகு கதவையே தட்டினார்.

"என்ன பேசுறீங்கன்னே புரியல. பிள்ளைங்க பயப்படுது. இங்க இருக்கணும்னா எங்க மொழியில பேசுங்க."

அக்காவுக்கு அந்த மொழி தெரியாது என்று சொல்ல இவர் வார்த்தைகளைக் கோத்து முடிப்பதற்குள் அவர் போய்விட்டார்.

அதன்பின் ஊமையர் வீட்டில் போனைத் தொடவில்லை. சாப்பாட்டு நேரத்தில் துணி உலர்த்தும் இயந்திரங்களுக்குப் பின்னால் நின்று கத்தினார். அந்த இரைச்சலில் யாருக்குத் தெரியப்போகிறது?

"அங்க மழையாடா?" என்று இயந்திரச் சத்தத்தை வைத்து அக்கா ஒவ்வொரு தடவையும் கேட்பாள்.

"ஆமாக்கா, நல்ல மழை!"

இஸ்திரி போடும் பெண் அந்த ஊர்க்காரி. ஒருநாள் அவரை மடக்கினாள். "தினமும் யார்கூட இந்தச் சண்டை?"

"அக்கா. காது... கேக்காது."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பு ஏனோ அவருக்கு வலிக்கவில்லை. மேற்பார்வையாளர் வந்தால் கையசைத்துக் காட்டுவது அன்றிலிருந்து அவள் வேலையாயிற்று.

அக்கா ஒரு மதியம் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. இவர் போய்ச் சேர்வதற்குள் இறுதிக் காரியம் முடிந்துவிடும் என்று சொந்த ஊரிலிருந்து போனில் சொன்னார்கள். மறுநாள் வழக்கம்போல வேலைக்கு வந்தார். சாப்பாட்டு நேரத்தில் கால்கள் தாமாக அதே மூலைக்குப் போய் நின்றன.

"இன்னைக்கு அக்காவக் கூப்பிடலையா?" என்றாள் அவள்.

"அக்கா இல்ல. இனிமே இல்ல."

புரிந்ததும் அவள் துணி மூட்டைமேல் உட்கார்ந்தாள். "அவங்ககிட்ட சொல்ல இருந்தத என்கிட்ட சொல்லுங்க. உங்க மொழியிலயே சொல்லுங்க. எனக்குப் புரியலன்னா என்ன?"

அவர் சொன்னார். கத்தவில்லை. அம்மா போனபின் அக்கா தலை வாரிவிட்டதை, இவர் கிளம்பிய அன்று அவள் வாசலுக்கே வராததைச் சொன்னார். இயந்திர இரைச்சலில் ஒரு சொல்லும் அவளுக்குக் கேட்டிருக்காது. ஆனாலும் நேரம் முடியும்வரை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதன்பின் இருவரும் ஒரே பெஞ்சில் சாப்பிட்டார்கள். பெரும்பாலும் பேச்சில்லாமல்தான். மதியம் எப்படியோ கழிந்தது. வீட்டில் தனியாக இருக்கும் சாயங்காலம்தான் நகரமாட்டேன் என்றது.