வெந்த மண்ணில் என் பெயர்

கண்காட்சிக்கு வந்தது நானும் ரூம்மேட் முருகனும்தான். அப்பா இங்கில்லை, ஊரில் இன்னும் செங்கல் அறுக்கிறார்.

ஷார்ஜாவின் அந்தக் குளிரூட்டிய கூடத்தில், கண்ணாடிக்குள் உள்ளங்கையளவு களிமண் பலகை இருந்தது. பாரசீக அரண்மனை வேலையாட்களின் கூலிக் கணக்காம். அரண்மனையை எரித்த தீயில் வெந்து பிழைத்த இத்தகைய பலகைகளைப் படித்தும்தான் அந்தப் பேரரசு நடந்த விதத்தை ஆய்வாளர்கள் அறிகிறார்களாம்.

“நம்ம சைட் டைம்ஷீட்தான் மாப்ள இது,” என்றான் முருகன்.

எனக்கு ஈரமண் வாசனை வந்துவிட்டது. எங்கள் குடும்பத்தில் முதலில் எழுதப் படித்தவன் நான். ஒன்றாம் வகுப்பில் பெயரெழுதப் பழகியதும், அப்பா சுடாத கற்களின் வரிசையைக் காட்டினார்.

“எல்லாத்துலயும் உம் பேர எழுதுடா.”

“ஓனர் கூலியில புடிச்சிருவாரு,” என்றாள் அம்மா.

“வெந்துட்டா எவனாலயும் அழிக்க முடியாதுடி. எழுதட்டும்.”

ஈர்க்குச்சியால் வரிசை முழுக்க எழுதினேன்.

சூளை பிரித்த அன்று ஓனர் கத்தினார். “கிறுக்குன கல்ல எவன்யா வாங்குவான்? உம் மவன் என்ன கோட்டையா கட்டுறான்?”

“கட்டுவான் மொதலாளி,” என்றார் அப்பா. அத்தனை கல்லையும் சுமந்துவந்து, எழுத்து வெளியே தெரியும்படி எங்கள் வீட்டுச் சுவரை எழுப்பினார். சுவர் இன்றும் நிற்கிறது.

நான் சொன்னதைக் கேட்டு முருகன் சிரித்தான். “கூலியில எவ்வளவுடா புடிச்சாரு?”

“எண்ணூறு ரூவா. அப்பா, அம்மா ரெண்டு பேரோட மூணு நாள் கூலி.”