‘வந்தாச்சு’ என்று கத்தியது நான்தான்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். நான் நாலாம் வகுப்போடு நின்றவன். சின்ன ‘ர’ வருமா பெரிய ‘ற’ வருமா என்பது இந்த வயதிலும் எனக்குச் சந்தேகம்தான். ஜேக்கப் ஐயா, “எழுதிட்டுக் கொண்டா முத்து, நான் திருத்தித் தாரேன்” என்றார். நான் கொடுக்கவில்லை. அவரைப் பற்றியும் எழுதியிருக்கிறேனே, எப்படிக் கொடுப்பது? அச்சுக் கோக்கிறவர்கள்தான் பிழைகளைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

யாங்கூனில் வயரிங் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு உதவும், ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று நம் சங்கத்துப் பத்திரிகையில் கேட்டார்கள். ஷாக் அடித்த கதைகள் என்னிடம் நிறைய உண்டு. ஆனால் இந்தத் தொழிலில் நான் செய்த பெரிய தப்பு ஷாக் சம்பந்தப்பட்டது அல்ல. அமெரிக்காத் தேர்தல் சம்பந்தப்பட்டது.

1. ஒரே கட்டடம், இரண்டு பேர்

யாங்கூனில் மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில், ரயில் பாதைக்குப் பக்கத்தில் ஒரு பழைய கட்டடம். கீழே காதர் பாயின் எலக்ட்ரிக் கடை. அதற்கு நேர் மேலே, முதல் மாடியில் ஜேக்கப் ஐயா வீடு. ஐயா கப்பல் கம்பெனியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். இங்கிலீஷ் தண்ணீர் பட்ட பாடு.

எனக்குச் சோறு போட்டவர்கள் இந்த இருவரும்தான். நான் அதிகம் வாய் பேசாதவன். வேலை கேட்டு ஒரு வீட்டுப் படி ஏற எனக்குக் கூச்சம். பாய்தான் கடைக்கு வருகிறவர்களிடம், “வயர்மேன் வேணுமா? முத்துவக் கூப்பிடுங்க. பேச மாட்டான், வேலை பேசும்” என்று சொல்லி அனுப்புவார். அப்படி அவர் அனுப்பிய முதல் வீடு ஐயாவுடையது. போர்டு முழுவதையும் மாற்றிக் கொடுத்தேன். ஐயா சுற்றிவந்து பார்த்துவிட்டு, அவருடைய சர்ச்சில் பதினோரு குடும்பங்களுக்கு என் பெயரைச் சொன்னார். அன்று முதல் இன்று வரை எனக்கு வேலை இல்லாத வாரம் குறைவு. கர்த்தருக்கும் அல்லாவுக்கும் என் முனீஸ்வரருக்கும் சேர்த்தே நான் நன்றி சொல்ல வேண்டும்.

ஐயா வீட்டில் ஒரு சட்டம் உண்டு. வாசல் தாண்டி உள்ளே வந்தால் தமிழ்தான். பர்மாச் சொல் ஒன்று வாயில் வந்தாலும், “வெளியில போய்ப் பேசிட்டு வா” என்பார். அவருடைய பேரப்பிள்ளைகள் வாசலுக்கு வெளியே நின்று பர்மா பாஷையில் சண்டை போட்டு முடித்துவிட்டுத்தான் உள்ளே வருவார்கள்.

தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்குக் கடை வாசலில் பாய் இரண்டு பிளாஸ்டிக் ஸ்டூல் போடுவார். ஐயா இறங்கி வருவார். எதிர்க்கடையிலிருந்து இரண்டு கிளாஸ் டீ வரும். ஐயாவுக்குப் பால் தூக்கல், பாய்க்குக் கடும்சாயம். முப்பது வருஷமாக அப்படித்தான். பேச்சு என்னவோ பாதி நாள் அமெரிக்காவைப் பற்றித்தான். ஐயா காலையில் ரேடியோவில் கேட்டிருப்பார். பாய் போனில் பார்த்திருப்பார். டீ கொண்டுவருகிற பையன் கோ ச்சோ இருவரையும் பார்த்து, “உங்க ரெண்டு பேருக்கும் அங்க ஓட்டு இருக்கா?” என்று ஒருநாள் கேட்டான். “ஓட்டு இல்லாதவந்தான்டா நல்லா யோசிப்பான்” என்றார் ஐயா.

ஐயா பழமைக் கட்சிக்காரர். டி.வி. மேப்பில் சிவப்பாகக் காட்டுவார்களே, அந்தக் கட்சி. எதிர்க்கட்சிக்கு நீலம்.

“கவர்மெண்டு சின்னதா இருக்கணும் பாய். பெருசானா பியூன்கூடத் துரை ஆயிருவான். நான் ஆபீசுல பாத்தவன். குடும்பம், கோயில், உழைப்பு. இந்த மூணையும் ஒருத்தன் தொந்தரவு பண்ணாம விட்டான்னா அவனுக்குத்தான் என் ஓட்டு.”

“இல்லாத ஓட்டு” என்பார் பாய். “எனக்கும் அதேதான் ஜேக்கப்பு. வரியக் கொறைக்கணும், சண்டைக்குப் போவக் கூடாது. வியாபாரிக்கு வேற என்ன வேணும்? போன தடவ உன் ஆளுதான் எனக்கும் ஆளு. ஆனா அந்த மனுஷன் வாயி இருக்கே!”

“வாய் மோசம், ஒத்துக்கிறேன். சர்ச்சுல எம் பக்கத்துல உக்காந்தா எனக்கு வெக்கமா இருக்கும். ஆனா குழாய் ஒழுகுனா பிளம்பரைக் கூப்பிடுறமே, அவன் வாய்க்காகவா கூப்பிடுறோம்?”

நான் கடையில் வயர் அளந்துகொண்டே கேட்டிருப்பேன். ஒருநாள் ஐயா என் பக்கம் திரும்பி, “முத்து, நீ சிவப்பா நீலமா?” என்றார். த்ரீ பேஸ் லைனில் சிவப்பும் நீலமும் இரண்டுமே லைவ்தான், எதைத் தொட்டாலும் அடிக்கும் என்று மனசில் வந்தது. சொல்லவில்லை. சிரித்துவிட்டு வயரைச் சுற்றினேன்.

அங்கே மறுபடி தேர்தல் வந்த 2024-ல் பாய்க்கு மனம் மாறியிருந்தது. காரணம் அவர் மகள் ஜெய்த்தூன். மாப்பிள்ளை அமெரிக்காவில் கோழிக்கறி கம்பெனியில் வேலை செய்கிறார். நிக்காஹ் முடிந்து, பேப்பர் எல்லாம் கொடுத்துவிட்டு, விசா இண்டர்வியூவுக்காக அந்தப் பெண் காத்திருந்தது. ஐயாவின் ஆள் வந்தால் கதவை மூடிவிடுவார் என்று பாய் பயந்தார்.

“வீடுன்னா கதவு வேணும்ல பாய்? திருட்டுத்தனமா ஏறிக் குதிக்கிறவனத்தான் அவரு சொல்றாரு. ஒம் மக முறையாப் போறவ. அவளுக்கு ஒண்ணும் வராது.”

“உனக்கென்னப்பா, கதவுக்கு உள்ள நின்னு பேசுற மாரி பேசுற” என்றார் பாய். அன்று டீயை அவர் முழுதாகக் குடிக்கவில்லை.

2. இன்வெர்ட்டர் வைத்த வீடு

அங்கே ஓட்டு எண்ணுகிற ராத்திரி இங்கே நமக்குப் பகல். எங்கள் தெருவுக்கு அன்று பகலில் கரண்டு கிடையாது. முறை வைத்து விடுகிற காலம். டி.வி. பார்த்தே ஆக வேண்டும் என்று ஐயா முந்தின நாளே என்னைக் கூப்பிட்டார். பாய் கடையில் இன்வெர்ட்டரும் ஒரு பேட்டரியும் எடுத்துப் பொருத்திக் கொடுத்தேன். பேட்டரி புதுசு, நல்ல சரக்கு. அவசரத்தில் நெகடிவ் டெர்மினல் கிளாம்பை நான் ஸ்பேனர் போட்டு முறுக்கவில்லை. கையால் திருகிவிட்டு விட்டேன். இதை மறக்காமல் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலையிலிருந்து டி.வி. ஓடியது. ஐயா, வீட்டு அம்மா, பேரப்பிள்ளைகள் எல்லாரும் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். ஏதாவது ஆனால் பார்க்க வேண்டும் என்று என்னையும் இருத்தியிருந்தார் ஐயா. பாயையும் மேலே வரச் சொல்லி ஆள் அனுப்பியிருந்தார். “கடையில ஆளில்ல” என்று பதில் வந்தது.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஏதோ ஒரு பெரிய மாகாணத்தின் கணக்கைச் சொல்லப் போகிறார்கள் என்று ஐயா நாற்காலி நுனிக்கு வந்தார். டி.வி. பொட்டென்று அணைந்தது.

“முத்து! என்னப்பா இது! இப்பப் பாத்தா!”

நான் தரையில் படுத்துப் பேட்டரியைப் பார்த்தேன். கிளாம்ப் சூடேறி, நெகிழ்ந்து கிடந்தது. தப்பு என்னுடையதுதான் என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. ஐயாவோ, “பாயி பழைய பேட்டரியத் தள்ளிவிட்டுட்டானா? எங்கிட்டயேவா?” என்றார். இல்லை ஐயா, நான்தான் முறுக்கவில்லை என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். அதை விட்டுவிட்டு ஸ்பேனர் எடுத்து முறுக்கினேன். இன்வெர்ட்டர் ‘பீப்’ என்றது. விளக்கு எரிந்தது.

யாங்கூனில் இருக்கிறவர்களுக்குத் தெரியும். கரண்டு வந்தால் தெருவே சேர்ந்து ‘மீ லாபீ!’ என்று கத்தும். விளக்கு வந்துவிட்டது என்று பர்மா பாஷையில் அர்த்தம். பெரியவர், சின்னவர், எந்த ஜாதி என்று கிடையாது, எல்லாரும் கத்துவோம். எனக்கும் அதுதான் வாய் வரை வந்தது. ‘மீ’ என்று தொடங்கும்போதே ஐயா வீட்டுச் சட்டம் ஞாபகம் வந்துவிட்டது. உடனே தமிழில் மாற்றிக் கத்தினேன்.

“வந்தாச்சு! வந்தாச்சு!”

பிள்ளைகள் கைதட்டிக்கொண்டு, “வந்தாச்சு! வந்தாச்சு!” என்று குதித்தார்கள். வாழ்க்கையில் நான் அவ்வளவு சத்தமாகப் பேசியதே இல்லை. ஜன்னல் எல்லாம் திறந்து கிடந்தது. டி.வி.யில் படம் தெரியும் முன்பே, அந்த மாகாணம் ஐயாவின் ஆளுக்குத்தான் என்று சொல்லி முடித்துவிட்டார்கள்.

3. பத்து நாள்

மறுநாள் சாயங்காலம் கடை வாசலில் ஒரு ஸ்டூல்தான் கிடந்தது. அதில் பாய் உட்கார்ந்திருந்தார். ஐயா இறங்கி வந்தார், ஸ்டூலைப் பார்த்தார், மார்க்கெட்டுக்குப் போகிறவர் போல நேரே நடந்தார். அடுத்த நாள் இறங்கவே இல்லை.

நான் கேபிள் வாங்கப் போனபோதுதான் பாய் வாயைத் திறந்தார்.

“ஒரு மனுஷன் ஜெயிச்சா சந்தோஷப்படு, வேண்டாங்கல. எங்கையில போனு. அந்த மாகாணம் போச்சுன்னு வருது. எம் மக பக்கத்துல நின்னு அழுவுறா. அதே நிமிஷம் மேல இவன் வீடே கூரை பிய்ஞ்சு போற மாரி, ‘வந்தாச்சு வந்தாச்சு’ன்னு கத்துது. கைதட்டு வேற. முப்பது வருஷம் எங்கூட டீ குடிச்சவன், முத்து!”

 கேட்டது என் குரல். ஆனால் கேபிளுக்குக் காசை வைத்துவிட்டு இறங்கிவிட்டேன்.

ஐயா பக்கம் போனால் அவர் வேறு சொன்னார். “தோத்துட்டமேன்னு கோவம்னா நான் போய்ச் சமாதானம் சொல்வேன். ஆனா பழைய பேட்டரிய எந்தலையில கட்டுனானே, அந்த வெக்கத்துலதான் மூஞ்சி குடுக்க மாட்டேங்குறான். நான் எப்படிப் போயிக் கேக்குறது?”

ஒருவர் நினைத்ததும் தப்பு, இன்னொருவர் நினைத்ததும் தப்பு. இரண்டு முடிச்சையும் அவிழ்க்கிற வார்த்தை என் வாயில்தான் இருந்தது. சொன்னால் என்ன ஆகும்? கிளாம்ப்கூட முறுக்கத் தெரியாத வயர்மேன் என்று பெயர் வரும். பாய் இனி ஆள் அனுப்ப மாட்டார். ஐயாவின் சர்ச் வீடுகள் போய்விடும். இப்படியே பத்து நாள் ஓட்டினேன்.  தாமுவேயில் ஒரு வீட்டில் ஃபேன் மாட்டும்போது லைன் ஆஃப் செய்ய மறந்து, ஷாக் அடித்து ஏணியிலிருந்து விழப் பார்த்தேன். அன்றைக்கு வேலையைப் பாதியில் போட்டுவிட்டுக் கடைக்கு வந்தேன்.

“பாய், கத்துனது நான்.”

“என்னத்த?”

“வந்தாச்சுன்னு. கரண்டுதான் பாய் வந்துச்சு. டி.வி. அணைஞ்சு கெடந்துச்சு. அவரு ஆளு ஜெயிச்சதே அப்ப அவருக்குத் தெரியாது.”

பாய் என்னையே பார்த்தார். “ஏம்ப்பா, ‘மீ லாபீ’ன்னு கத்த வேண்டியதுதானே? இந்த ஊருல நாயிகூட அப்படித்தானே கத்தும்!”

“ஐயா வீட்டுல பர்மா பேசக் கூடாது பாய்.”

பாய்க்கு முதலில் சிரிப்பு வந்தது. சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீரும் வந்தது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “டி.வி. ஏன் அணைஞ்சுச்சு?” என்றார் அடுத்து. வியாபாரி அல்லவா.

“டெர்மினல் லூஸ் பாய். நான்தான் முறுக்கல. ஐயா உங்க பேட்டரி பழசுன்னு நெனச்சுக்கிட்டிருக்காரு.”

“எம் பேட்டரியா! நட, மேல நட!”

கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டு என் சட்டைக் காலரைப் பிடித்து மாடிக்கு இழுத்துப் போனார். ஐயா கதவைத் திறந்தார். அவர்கள் வாயைத் திறக்கும் முன் நான் பேசினேன். முறுக்காத கிளாம்பிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். வாழ்நாளில் ஒரே மூச்சில் நான் அவ்வளவு பேசியது அன்றுதான்.

ஐயா கேட்டு முடித்துவிட்டுப் பாயைப் பார்த்தார். “என் ஆளு ஜெயிச்சதுல எனக்குச் சந்தோஷந்தான் காதரு. பொய் சொல்ல மாட்டேன். ஆனா ஒம் மக அழுவுறப்ப கைதட்டுவேன்னு நீ நெனச்சியே!”

“நான் பழைய பேட்டரி விப்பேன்னு நீ நெனச்சியே!”

“நெனச்சேன். தப்புத்தான்.”

“நானுந்தான்.”

பிறகு இருவரும் சேர்ந்து என்னைத் திட்டினார்கள். அரை மணி நேரம் திட்டினார்கள். அம்மா இடையில் டீ கொண்டுவந்தார்கள். எனக்கும் ஒரு கிளாஸ் இருந்தது. என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை. அந்த வாரமே பாய் என்னை இரண்டு வீட்டு வேலைக்கு அனுப்பினார். ஒரு வித்தியாசம், “பேச மாட்டான்” என்று இப்போது சொல்வதில்லை. “கொஞ்சம் லேட்டாப் பேசுவான்” என்கிறார்.

4. பிறகு

அடுத்த வருஷம் நம் நாட்டுக்காரர்களுக்கு அமெரிக்கா விசாவை நிறுத்துகிறார்கள் என்று செய்தி வந்தது. அப்போது நான் பாய் கடையில் ஒரு ஹோல்டர் மாற்றிக்கொண்டிருந்தேன். பாய் போனில் அதைப் படித்தார். கடையை என்னிடம் விட்டுவிட்டு நேராக ஐயா வீட்டுப் படி ஏறினார்.

ஐயா தன் கட்சியை விட்டுவிடவில்லை. இன்றைக்கும் சிவப்புதான். ஆனால் அன்று அவர் சொன்னதை ஜன்னல் வழியாக நானும் கேட்டேன். “ஏறிக் குதிக்கிறவன நிறுத்துன்னுதான் சொன்னேன். வரிசையில நிக்கிற புள்ளைய நிறுத்தச் சொல்லல. இது முறை இல்ல. இதுல என் ஆளு பண்ணுனது தப்பு.” அன்றிலிருந்து ஜெய்த்தூனுக்காக இங்கிலீஷில் கடிதம் எழுதுவது ஐயாவின் வேலை. கப்பல் கம்பெனிக் கடிதம் போல நீட்டி மடக்கி எழுதுகிறார். பாய்க்குப் படித்துக் காட்டுகிறார். பாய், “இந்த இடத்துல கொஞ்சம் கோவமா எழுது” என்கிறார். “கடிதத்துல கோவம் கூடாது பாய்” என்று ஐயா சண்டைக்குப் போகிறார். அந்தப் பெண் இன்னும் காத்திருக்கிறது. நல்லது நடக்க வேண்டும் என்று நானும் கேட்டுக்கொள்கிறேன்.

தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். டெர்மினலை ஸ்பேனர் போட்டு முறுக்குங்கள், கையை நம்பாதீர்கள். வேலை முடிந்ததும் என்ன செய்தோம், எதில் தப்பு விட்டோம் என்பதை வீட்டுக்காரரிடம் அங்கேயே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். பெயர் கெட்டுவிடும் என்று நான் பயந்தேன். சொன்ன பிறகு கெடவில்லை. சொல்லாத பத்து நாளில்தான் இரண்டு நல்ல மனிதர்கள் தனித்தனியாக டீ குடித்தார்கள்.

இவ்வளவையும் எழுத எனக்கு மூன்று ஞாயிறு ஆயிற்று. எழுதி முடித்தது 2025 நவம்பர் 9, ஞாயிற்றுக்கிழமை.