எலிஜியோவும் சுலபமான பந்தும்

எலிஜியோ பயந்தது பாம்புக்கல்ல, பேய்க்குமல்ல. நிதானமாக உருண்டு, "என்னை எடுத்துக்கோ ராசா" என்று காலடிக்கு வருகிற பேஸ்பால் பந்துக்குத்தான்.

ஹைட்டிக்குப் பக்கத்து நாட்டில், சான் பெட்ரோ என்ற ஊரில் கரும்பு வெட்டுகிறவர்களின் வரிசை வீடுகளில் பிறந்தவன். பால் அட்டைப்பெட்டியை மடித்துக் கையில் மாட்டிக்கொண்டு அதையே கையுறையென்று சொல்லி ஆடியவன். பந்தைப் பிடிப்பதில் அப்படி ஒரு பேய். கரும்புக்காட்டில் பறக்கிற கொசுவை இரண்டு விரலால் பிடித்து, முகத்தைப் பார்த்து, "நீ இல்ல, உன் அண்ணன்தான் கடிச்சான்" என்று திருப்பி அனுப்புவான் என்று ஊரே பேசும். பதினேழு வயதில் அமெரிக்காவுக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே சின்ன ஊர்களின் சின்ன அணிகளில் பஸ்ஸிலேயே வாழ்ந்தான். பெரிய அணி அவனைக் கூப்பிடவே இல்லை. குளிர்காலம் வந்தால் ஊருக்கு வந்து 'நண்டுகள்' என்ற உள்ளூர் அணியில் ஆடுவான். அந்தச் சம்பளத்தில்தான் வீட்டில் அத்தனை வாய்களும் மென்றன.

அவன் நிற்பது முதல் பேஸுக்கும் இரண்டாம் பேஸுக்கும் நடுவில். அடித்தவன் ஓடிவந்து முதல் பேஸ் என்கிற சின்ன மெத்தையை மிதிப்பதற்குள் பந்தைப் பொறுக்கி அங்கே நிற்கிற கூட்டாளிக்கு எறியவேண்டும்; பந்தோடு நம் ஆள் முந்தி மிதித்தால் அடித்தவன் அவுட். பக்கத்து வீட்டுக்காரியிடம் உப்பு கொடுக்கிற தூரம். அதைத்தான் அவனால் எறிய முடியாமல் போனது.

ஆரம்பித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்றுதான் மாமியார் டோனா ஃபிலோமெனா முதல்முறையாக மருமகனின் ஆட்டம் பார்க்க வந்திருந்தாள். சுலபமான பந்து, சோம்பேறி ஓட்டக்காரன், ஏகப்பட்ட நேரம். எலிஜியோ யோசித்துவிட்டான். "இத எப்படிப் பிடிச்சு எறிவேன்?" விரலெல்லாம் குச்சியாகிவிட்டது. பந்து முதல் பேஸையும் தாண்டி, வேலியையும் தாண்டி, நேராக மாமியாரின் மடியிலிருந்த வறுத்த வாழைக்காய்த் தட்டில் போய் இறங்கியது. வாழைக்காய் ஹைட்டிவரைக்கும் பறந்தது. அன்றிலிருந்து அந்த அம்மாள் தலையில் சமையல் குண்டானைக் கவிழ்த்துக்கொண்டுதான் மைதானத்துக்கே வருவாள்.

கஷ்டமான பந்துக்கு ஒன்றும் ஆகாது. பாய்ந்து, புரண்டு, மண்ணைத் தின்று எறிந்தால் நேராகப் போகும். யோசிக்க நேரமில்லையே! அதனால் எலிஜியோ ஒரு வேலை செய்தான். சுலபமான பந்தை வேண்டுமென்றே நெஞ்சில் மோதவிடுவான். அது தெறித்து ஓடும். அதை விரட்டிப் பிடித்து அவசரத்தில் எறிவான். ஜனங்கள் "ஆகா, என்ன ஆட்டம்!" என்று கத்துவார்கள். அவன் சட்டைக்குள் நெஞ்சு, நசுங்கிய நாவற்பழம் மாதிரி நீலமும் கறுப்புமாக இருக்கும். விஷயம் வெளியே தெரிந்தால் அடுத்த வாரமே மூட்டை கட்டவேண்டியதுதான். எறியத் தெரியாதவனுக்கு எந்த அணி சோறு போடும்?

விஷயம் தெரிந்தவன் முதல் பேஸில் நிற்கிற போலோ மட்டும்தான் என்று எலிஜியோ நினைத்திருந்தான். போலோ பீப்பாய் மாதிரி ஆள், வாய் அதைவிடப் பெரிசு. நெஞ்சில் மோதவிட முடியாத பந்து வந்தால் போலோ அங்கிருந்தே கத்துவான்:

"எறிடா எருமை! உன் மாமியார் குண்டானோட காத்துக்கிட்டு இருக்கா!"

எலிஜியோவுக்குச் சுர்ரென்று ஏறும். அந்தக் கோபத்தில் கை தானாக எறிந்துவிடும். இரண்டு வருஷம் இந்த வசவில்தான் அவன் பிழைப்பு ஓடியது.

அப்புறம் அந்தச் சனிக்கிழமை மத்தியானம் வந்தது. நண்டுகள் அணியில் அடிக்கிறவனுக்குப் பந்து எறிகிறவன் ரடமெஸ். ஒல்லிக்குச்சி, பேச்சு கம்மி. அன்றைக்கு அவன் எறிந்த பந்தை எதிரணியில் ஒருத்தனாலும் உருப்படியாக அடிக்க முடியவில்லை. ஒருத்தன்கூட முதல் பேஸை மிதிக்கவில்லை. கடைசிவரை இப்படியே முடிந்தால், ஒருவன் ஆயுளில் ஒருமுறைகூட வராத ஆட்டம்.

அப்படி நடக்கும்போது அதைப்பற்றி ஒருவரும் மூச்சுவிடக் கூடாது. எறிகிறவன் பக்கத்தில் உட்காரக் கூடாது. எங்கே உட்கார்ந்திருந்தோமோ அங்கேயே உட்காரவேண்டும். கோச் மூத்திரத்தை அடக்கிக்கொண்டு காலைப் பின்னிக்கொண்டிருந்தார். போலோவோ இன்னும் ஒருபடி மேலே போனான். வாயில் துண்டைத் திணித்துக்கொண்டான்.

எலிஜியோ போலோ பக்கம் சாய்ந்தான். "மச்சான், நீ கத்துவல்ல?" என்று காதோரம் கேட்டான்.

போலோ துண்டை எடுக்காமலே தலையை இடமும் வலமும் ஆட்டினான். தரித்திரம் பிடித்துவிடுமாம்.

கடைசி ஆள் வந்தான், இவன் அவுட்டானால் முடிந்தது. எதிரணியின் பெரிய உடம்புக்காரன், பட்டப்பெயர் ஃப்ரிட்ஜ். மைதானமே வாயை மூடிக்கொண்டது. தேங்காய்த்தண்ணீர் விற்கிறவன்கூடக் கத்தியை ஓங்கியபடியே நின்றான். எலிஜியோ "வேற பக்கம் போ, வேற பக்கம் போ" என்று பந்திடம் கெஞ்சிக்கொண்டிருந்தான்.

டொக். பந்து அவனிடமே வந்தது. மெதுவாக, அழகாக, குளித்துத் தலைசீவின குழந்தை மாதிரி. நெஞ்சைக் குறுக்கே கொடுப்பதற்குள் கையுறைக்குள் பொத்தென்று உட்கார்ந்துவிட்டது. ஃப்ரிட்ஜ் அப்போதுதான் நாலு எட்டு வைத்திருந்தான்.

நேரமோ நேரம். கல்யாணம் பண்ணிப் பிள்ளை பெறுகிற நேரம்.

பந்தைக் கையில் எடுத்தான். விரல்கள் குச்சி. கையை ஓங்கினான், வரவில்லை. முதல் பேஸில் போலோ துண்டைக் கடித்துக்கொண்டு, கண் பிதுங்க, கையை நீட்டிக்கொண்டு நின்றான். சத்தமில்லை. மேலே பார்வையாளர் படியில் மாமியார் குண்டானைக் கண்வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

எலிஜியோ எறியவில்லை. ஓடினான்.

பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பின்னால் வீடு பற்றி எரிகிறமாதிரி முதல் பேஸைப் பார்த்து ஓடினான். அந்தப் பக்கம் ஃப்ரிட்ஜ் பூமி அதிர வருகிறான். போலோ நடுவில் மரம்மாதிரி நிற்கிறான்.

"தள்ளுடா பீப்பாய்!" என்று எலிஜியோ அலறினான்.

போலோ துள்ளி விலகினான். எலிஜியோவின் கால் பேஸில் பட்டது. மறுநொடி ஃப்ரிட்ஜ் அவன்மேல் விழுந்தான். தூசிக்குள் நடுவர் கட்டைவிரலைத் தூக்கினார். அவுட்!

ஜனங்கள் கூத்தாடினார்கள். "என்ன திமிர்டா இவனுக்கு! எறியாம ஓடியே முடிச்சான்!" என்று வேலியைப் பிடித்து ஆட்டினார்கள். எலிஜியோவுக்கு மட்டும் வேர்வை குளிர்ந்துபோயிருந்தது. இனி எல்லோருக்கும் தெரிந்துவிடும். போச்சு.

ரடமெஸ் ஓடிவந்து கட்டிக்கொண்டான். காதில் சொன்னான்: "மன்னிச்சுக்க மச்சான். கடைசிப் பந்து கை நழுவிடுச்சு."

"என்னது?"

"ரெண்டு வருஷமா எல்லாப் பந்தையும் உனக்கு எதிர்ப்பக்கம் அடிக்கிற மாதிரிதான் எறியறேன். உன்கிட்ட வந்தா உனக்கு மூச்சு முட்டுமேன்னு."

"உனக்குத் தெரியுமா?"

"கோச்சுக்கே தெரியும்டா. பஸ் டிரைவருக்கும் தெரியும். நீ ஒருத்தன்தான் ரகசியம்னு வச்சிருக்க."

நிஜமா என்று கேட்க எலிஜியோ கோச்சைத் திரும்பிப் பார்த்தான். கோச் கழிவறையைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தார்.

அதற்கப்புறமும் நாலு குளிர்காலம் அவன் நண்டுகளுக்கு ஆடினான். பயம் போனதா? எங்கே போகும்! மறுநாளே ஒரு சுலபமான பந்து உருண்டு வந்தது. விரல் குச்சியாயிற்று. முதல் பேஸிலிருந்து சத்தம் வந்தது:

"எறியறியா, இல்ல நான் நகரட்டுமா?"

எலிஜியோவுக்குச் சுர்ரென்று ஏறியது.