என் முந்தானையில் யாருப்பா இந்த சதீஷ்?

இன்று காலை தறியில் என் முகூர்த்தப் புடவையைப் பார்க்கப் போனேன்.

முந்தானையில் ஜரிகையால் இரண்டு பெயர்கள் நெய்யப்பட்டிருந்தன.

பவித்ரா. (நான்தான்!)

சதீஷ். (யாருப்பா நீ?)

எனக்கு நிச்சயமான மாப்பிள்ளை பெயர் கார்த்தி! கல்யாணத்துக்கு இன்னும் பன்னிரண்டே நாள்!

நெய்யும் முருகேசன் அண்ணனிடம் கேட்டேன்.

"கடைல குடுத்த டிசைனு இதாம்மா. நானா மாப்பிள்ள பாத்தேன்?"

நேரே கடைக்கு ஓடினேன். ஆர்டர் எடுத்த ரேவதி அக்கா கம்ப்யூட்டரைப் பார்த்ததும் தலையில் கை வைத்துவிட்டார்.

"அன்னிக்கு ரெண்டு கல்யாண பார்ட்டிமா. ரெண்டு விண்டோ தொறந்து வெச்சிக்கினு மாத்தி மாத்தி அடிச்சேன். ரெண்டும் ஒரே மாதிரி இருக்குது, எது யாருதுன்னு எப்டிமா தெரியும்?"

அந்த ஆப் கடைசியாகத் திறந்த ஆர்டரை மட்டும்தான் நினைவில் வைத்திருக்குமாம். எந்த விண்டோவில் அடித்தாலும் அதற்குள்தான் போய் விழும். என் ஆர்டரைத்தான் கடைசியாகத் திறந்திருக்கிறார். பக்கத்து விண்டோவில் இருந்த பெண்ணின் மாப்பிள்ளை சதீஷ் என்னிடம் வந்துவிட்டார்!

இந்த அதிசய ஆப்பை எழுதிக் கொடுத்தது யார் தெரியுமா?

என் கார்த்தி! (கைதட்டுங்கள்!)

போன் போட்டேன்.

"ஒரே நேரத்துல ரெண்டு விண்டோ தொறக்கக் கூடாதுன்னு ட்ரெயினிங்லயே சொன்னேன் பவி. இது யூசர் எரர்."

"முகூர்த்த சீசன்ல ஒரு நாள் இந்தக் கடைல வந்து நின்னு பாரு! விண்டோ மேல கஸ்டமர் பேரு போடறதுக்கு என்னா கஷ்டம் உனக்கு?"

"கம்ப்ளெயின்ட் டிக்கெட் ரைஸ் பண்ணச் சொல்லு, பாக்கறேன்."

(கட்டிக்கப் போகிறவளிடமே டிக்கெட் கேட்கிறார்!)

கிண்டலாக எழுதுகிறேனே தவிர, அப்போது அழுகை வந்துவிட்டது. அந்த அரக்கு நிறத்தைத் தேர்ந்தெடுக்கவே மூன்று வாரம் அலைந்தேன்.

மறுபடியும் தறிக்கு வந்தேன். முருகேசன் அண்ணன் வீட்டில் இரண்டு தறி. தறிக்கொரு சீட்டில் கல்யாணப் பெண்ணின் பெயரை எழுதிக் கட்டியிருக்கிறார். அதற்கு எந்த ட்ரெயினிங்கும் கிடையாது!

அவர் மனைவி முந்தானையைத் தடவிப் பார்த்தார்.

"பேரு வந்த எடத்த பிரிச்சி மறுபடியும் நெய்ய பத்து நாளு ஆவும்மா. மாப்பிள்ளைய மாத்தறதா இருந்தா இன்னிக்கே முடிஞ்சிடும். எது வசதின்னு சொல்லு."

அதை வாய்ஸ் நோட்டாகக் கார்த்திக்கு அனுப்பினேன்.

ஒரு நிமிடத்தில் பதில்: "லேப்டாப்போட பஸ் ஏறிட்டேன். ஆப்ப நானே ஃபிக்ஸ் பண்றேன். அந்தம்மாக்கு பதில் எதுவும் சொல்லிடாத!"

அந்தம்மாவிடம் யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன். அவசரப்படக் கூடாது, இல்லையா மக்களே?