ஸ்பானிஷ் எதிர்ச்சொல்லும் நரசீபுரம் சாலை யானையும்

நரசீபுரத்திலிருந்து ஆர்.எஸ்.புரம் போனதற்கெல்லாம் ஒரு கட்டுரையா என்று கேட்காதீர்கள். இருபத்தைந்து கிலோமீட்டர்தான், ஒப்புக்கொள்கிறேன். ஊட்டி மலையை ஒற்றைக் கையால் ஓட்டி இறங்கியவன் நான். அப்படிப்பட்ட எனக்கே போன தை மாதத்து ஒரு திங்கட்கிழமைப் பயணம் பாடம் சொல்லிக்கொடுத்தது. பிள்ளைகளைத் தேர்வுக்கு வண்டியில் கூட்டிப்போகிறவர்கள் அவசியம் படியுங்கள்.

அக்கா மகள் காவ்யா ஸ்பானிஷ் படித்தவள். தென் அமெரிக்காவுக்குப் பம்புசெட் அனுப்பும் ஆர்.எஸ்.புரம் கம்பெனியில் அவளுக்குப் பத்து மணிக்கு நேர்முகத் தேர்வு. கிடைத்தால் தினமும் வீட்டிலிருந்தே போய் வரலாம். இல்லாவிட்டால் பெங்களூருக்குக் கிளம்ப வேண்டியதுதான். முழங்கால் ஆபரேஷன் முடிந்து கோலூன்றி நடக்கும் என் அக்கா தனியாகிவிடுவார்.

முன்பு ஓர் இடத்தில், “நாலைந்து சொல்லையே திருப்பித் திருப்பிப் பேசுகிறாய்” என்று அவளுக்கு வேலை தராமல் அனுப்பிவிட்டார்கள். அதனால் ஒரே பொருள் தரும் சொற்களையும் எதிர்ச்சொற்களையும் அட்டை அட்டையாக எழுதிப் படித்தாள். அவற்றுக்குப் பங்காளி, எதிராளி என்று பெயர் வைத்தவன் நான்தான். பெரியது என்றால் கிராந்தே. பங்காளிகள் எனோர்மே, இன்மென்சோ. எதிராளி பெக்கேன்யோ. பள்ளிக்கூடம் எனக்கு எட்டாம் வகுப்போடு போதுமென்று தோன்றிவிட்டது. ஆனாலும் மூன்றே வாரத்தில் பாதி ஸ்பானிஷ் எனக்கு வந்துவிட்டது.

ஏழே முக்காலுக்குக் காரில் கிளம்பினோம். முந்நூறு ரூபாய்க்குப் பெட்ரோல். அட்டையைப் பார்த்துக்கொண்டே வந்தவள், “எக்ஸிதோ, வெற்றி. எதிராளி, ஃப்ரகா...” என்று ஆரம்பித்தாள்.

“அம்மணி! நல்ல காரியத்துக்குப் போறப்ப தோல்வின்னு வாயில வரப்படாது. தாண்டு.”

“மாமா, அவங்க அதத்தானுங்க கேப்பாங்க!”

“கேக்கறப்ப பாத்துக்கலாம். தாண்டு கண்ணு.”

யாராவது தும்மினால்கூட உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்புகிற குடும்பம் எங்களுடையது. தோல்வி, நோய், பயம், சாவு எல்லாம் சீட்டுக்கு அடியில் போயின. பாதி அட்டைதான் அவள் கையில் மிச்சம். முகம் சுருங்கிப்போனது. நான் கண்டுகொள்ளவில்லை.

தென்னந்தோப்பு வளைவில் வனத்துறைக் காவலர் ஒருவர் கையைக் காட்டினார். “ஏனுங்க, வண்டிய ஆப் பண்ணிப்போடுங்க. பெரியவரு நிக்கறாரு.”

சாலை நடுவே ஒற்றை யானை. தென்னை மர உயரம். பஸ் உயரம்தான் என்பாள் காவ்யா. அவள் கண்ணை மூடியிருந்தாள், அவளுக்கு என்ன தெரியும்? எங்கள் வண்டிதான் முதலில். பின்னால் வாழைத்தார் வேன், பால் வண்டி. திருப்ப வழியில்லை. கம்பெனிக்குப் போன் போட்டாள், எடுப்பாரில்லை. எட்டரை ஆயிற்று.

யானை எங்களைப் பார்த்து இரண்டு எட்டு வைத்தது.

காவ்யாவின் உதடு மட்டும் அசைந்தது. “மியேதோ... தெமோர்... பாவோர்... எஸ்பான்தோ...”

“என்ன கண்ணு அது?”

“பயமுங்க மாமா. அத்தனையும் பயந்தானுங்க.”

“எதிராளியச் சொல்லு. தைரியத்தச் சொல்லு!”

“வரமாட்டேங்குதுங்க. பயந்தான் வருது.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பயம் எதிரே வந்து நிற்கிறது, அதன் பெயரைச் சொல்லக்கூடாது என்று நான் தடுத்துக்கொண்டிருக்கிறேன். மெல்லக் குனிந்து சீட்டுக்கு அடியிலிருந்த அட்டைகளை எடுத்தேன். முணுமுணுப்பாகக் கேட்கக் கேட்க, அவளும் முணுமுணுப்பாகவே சொன்னாள். தோற்பது, பெர்தேர். சாவு, முயேர்த்தே. யானை காதை விசிறிக்கொண்டு நின்றது. கடைசி அட்டைக்கு முன்பே சோளக்காட்டில் இறங்கிப் போய்விட்டது. என் பார்வைக்குப் பயந்துதான் போயிற்று என்று காவலரே சொல்வார், கேட்டுப் பாருங்கள்.

ஒன்பது ஐந்துக்கு வண்டியை எடுத்தேன். வடவள்ளியில் நெரிசல், லாலி ரோடு சிக்னலில் அதைவிட நெரிசல். பத்தாக மூன்று நிமிடம் இருக்கும்போது அவளை இறக்கிவிட்டேன். எதிர் பேக்கரியில் பதினைந்து ரூபாய் டீ. வாங்கி வைத்து, கம்பெனி வாசலைப் பார்த்தபடியே ஆறவிட்டேன்.

பதினொன்றரைக்கு வந்தாள்.

“என்ன கேட்டாங்க?”

“காலைல எப்படி வந்தீங்க, ஸ்பானிஷ்ல சொல்லுங்கன்னாங்க.”

“பெரியவரச் சொன்னியா?”

“சொன்னேன். பயந்தேன்னு நாலு தடவ சொல்ல வேண்டி வந்துச்சுங்க மாமா. நாலுக்கும் வேற வேற சொல்லு.” சீட் பெல்ட்டை மாட்டினாள். “அம்மாவுக்குப் போன் பண்ணிப்போடாதீங்க. நேர்ல சொல்லிக்கறேன்.”

இந்தச் சாலையில் காலையில் வருகிறவர்கள் ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். யானை நின்றால் ஹாரன் அடிக்காதீர்கள். சொல் படிக்கிறவர்கள் பங்காளிகள் எல்லாரும் ஒன்றென்று நினைக்காதீர்கள். நாளைக்கு என்ன ஆகுமோ என்பது தெமோர், யானை எட்டு வைத்தால் பாவோர். எதிராளியை விட்டுவிட்டுப் பாதி மட்டும் படிக்காதீர்கள். தடுக்க என்னைப்போல் ஒரு மாமா இருந்தால், முதல் நாளே வீட்டில் கெட்ட சொல்லையெல்லாம் முடித்துவிடுங்கள்.

வீட்டு வாசலில் அக்கா கோலை ஊன்றி நின்றிருந்தார். “போன காரியம் என்னாச்சு?”

“எக்ஸிதோ!” என்று கத்தினாள் காவ்யா.

அக்கா புரியாமல் என்னைப் பார்த்தார். பாதி ஸ்பானிஷ் தெரிந்தவன் நான்தானே, மொழிபெயர்த்தேன்.

“நீங்க தனியா இருக்க வேண்டாமுங்க அக்கா.”