மாற்றி ஒட்டிய பெயர்

கோபாலபுரத்தில் ஒரு சிறிய பள்ளியில் நான் ஐந்தாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். அடையாறிலிருந்து ஒரு நிறுவனத்தார் வந்து, பிள்ளைகளின் நெற்றியில் மூளை அலைகளை அளக்கும் பட்டையைக் கட்டி, கம்ப்யூட்டர் முன்னால் பத்து நிமிடம் உட்காரவைத்தார்கள். ஒவ்வொரு மூளையும் ஒவ்வொரு விதமாம், அதற்கேற்றபடி பாடம் நடத்த வேண்டுமாம். அது எனக்கும் தெரியும். ஆனால் அடுத்த வாரமே முப்பத்திரண்டு பிள்ளைகளின் மூளைகளும் இரண்டே நிறத்தில் அட்டைகளாகத் திரும்பி வந்தன. நீலம் என்றால் பார்த்துக் கற்பவர், மஞ்சள் என்றால் கேட்டுக் கற்பவர். எனக்குச் சந்தேகம் அங்கேயே தொடங்கிவிட்டது.

தலைமையாசிரியையிடம் சொன்னேன். "சயின்ஸ்ங்கறாங்க. இல்லைன்னு சொல்ல நாம யாரு?" என்றார்.

அட்டைகளைக் கொடுக்க வேண்டியவள் நான். மதிய இடைவேளையில், ஒரே பெஞ்சில் உட்காரும் இரண்டு பெண்களின் பெயர்ச் சீட்டுகளை உரித்து, நிறம் மாற்றி ஒட்டினேன். ஸ்டாஃப் ரூமில் யாரும் இல்லை. இருந்தும் இரண்டு முறை வாசலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.

ஒன்றரை மாதம் கழித்து நிறுவனத்தின் பயிற்சியாளர் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். அவர்கள் சோதனைப்படி மஞ்சளாக இருக்க வேண்டிய பெண்ணைக் காட்டி, "பாருங்க மேடம், அந்தப் பொண்ணு அப்படியே நீலம்தான்" என்றார். நான் தலையாட்டினேன். சனிக்கிழமை பெற்றோர் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் போட்டு உடைத்துவிடுவது என்று அப்போதே முடிவு செய்தேன்.

கூட்டம் தொடங்கும் முன்பே அந்தப் பெண்ணின் அப்பா வந்தார். ராயப்பேட்டையில் தையல் கடை வைத்திருப்பவர். கொண்டுவந்த சார்ட் பேப்பரை என் மேஜைமேல் விரித்தார். இருபத்துநான்கு பொத்தான்களை நான்கு சட்டைகளுக்குப் பிரித்த படம், சட்டைக்கு ஆறு.

"வகுத்தல் கணக்கு மிஸ். அவளே வரைஞ்சது. மண்டையில ஒண்ணும் ஏறலன்னு தெனம் கத்திக்கினு இருந்தேன். கார்டைப் பார்த்தப்புறம்தான் தப்பு என் மேலன்னு புரிஞ்சுது."

என்னால் அதற்குமேல் மறைக்க முடியவில்லை. "அது உங்க பொண்ணோட கார்டு இல்ல. நான் மாத்திட்டேன்" என்றேன்.

"எதுக்கு மிஸ்?"

"அந்த டெஸ்ட் சரியில்லைன்னு காட்டறதுக்கு."

"என் பொண்ணை வெச்சா?"

அவர் சார்ட் பேப்பரைச் சுருட்ட ஆரம்பித்தார்.

"அப்போ இவ வரையறது கூட பொய்யா?"

"இல்லீங்க. அது நிஜமாவே அவளுக்குப் புரிஞ்சிருக்கு."

"ஒருத்தர் நீலங்கறாங்க, நீங்க மாத்திட்டேங்கறீங்க. இன்னாத்த மிஸ் நம்பறது?"

கூட்டத்தில் நான் வாயைத் திறக்கவில்லை. அன்று மாலையே தலைமையாசிரியையிடம் ஒப்புக்கொண்டு, இரண்டு வீட்டாரிடமும் மன்னிப்புக் கேட்டேன். சோதனை தொடர்ந்தது, அட்டை கொடுக்கும் வேலை மட்டும் வேறொருவருக்குப் போனது.

அந்தப் பெண் நன்றாகத்தான் படித்தாள். படம் வரைந்ததாலா, வீட்டில் கத்தல் நின்றதாலா, என் தந்திரம் பலிக்கிறதா என்று நான் அவளையே கவனித்துக்கொண்டிருந்ததாலா, தெரியவில்லை. மூன்றாவதுதான் காரணமாக இருக்கும் என்று அதிகம் சந்தேகிக்கிறேன்.

அவள் அப்பா ஆண்டு முடியும்வரை தினமும் மாலை பள்ளி வாசலுக்கு வந்தார். அங்கேயே நின்று மகளின் நோட்டைப் புரட்டி, நான் என்ன எழுதியிருக்கிறேன் என்று ஒவ்வொரு பக்கமாகப் பார்த்துவிட்டுத்தான் அவளை அழைத்துப்போவார்.